லோரிக்காரரின் தூக்கம்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகள் ஈப்போவிலும் தஞ்சோங் மாலிமிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் லோரிக்கார அண்ணன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் நான் அந்த ரப்பர் தோட்டத்துக்கு டிரஸ்ஸராகப் போனேன். தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவன், அப்போது வயது இருபத்தாறு. தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு பெஞ்சு. டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் நான்தான். தலை நரைத்தவர்கள்கூட என்னை 'அய்யா' என்று கூப்பிட்டார்கள். அந்த மரியாதை கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்தது.

அவரை முதன்முதலில் பார்த்தபோதே தூங்கிக்கொண்டிருந்தார். இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடிக்கத் தொடங்கினேன். அடித்து முடிப்பதற்குள் தலை தொங்கிவிட்டது.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"தூங்கல அய்யா. கண்ண மூடி, காதத் தொறந்து வச்சிருக்கேன்."

இதை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பருத்த உடம்பு, கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. உட்கார்ந்த இடத்தில் கண் செருகும். ஆனால் தூங்கினேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். கோயில் கூட்டத்தில் தூங்குவார். "என்ன அண்ணே, தூக்கமா?" என்று யாராவது சீண்டினால், "தலைவர் பந்தலுக்கு ஆள் வேணும்னாரு, நான் தூங்கியிருந்தா எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்பார். தலைவர் உண்மையிலேயே அப்படித்தான் சொல்லியிருப்பார். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கும்போது கண்ணைத் திறக்காமலே அவரும் கை தூக்குவார். ஒரு கல்யாணத்தில் இலையில் கை வைத்தபடி அசந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பரிமாறுகிறவன் தாண்டிப் போகப் பார்த்தபோது, "தம்பி, ரசத்த இங்க விடு லா" என்றார். அப்போதும் கண் மூடித்தான் இருந்தது.

தோட்டத்துக்கே அவர் ஒரு வேடிக்கை. அந்த வேடிக்கையில் எல்லாருக்கும் அவர்மேல் பிரியம் உண்டு. பால்வெட்டுக்காரர்களைக் காலையில் தூரத்துக் காட்டுக்கு ஏற்றிப் போவதும், பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதும் அவர் வேலை. யாரிடமும் ஒரு கடுஞ்சொல் கிடையாது. நடந்து போகிற கிழவியைக் கண்டால் லோரியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்.

லோரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈப்போவுக்குப் போயிருக்கிறேன். சட்டைப் பையில் நாலைந்து பச்சை மிளகாய் வைத்திருப்பார். வளைவுக்கு முன்னால் ஒன்றை எடுத்துக் கடிப்பார். கண்ணில் நீர் வழியும். கண்ணுக்குக் கீழே தைலம் தேய்த்துத் தேய்த்து அங்கே தோல் கறுத்துப் போயிருந்தது. பழக்கம் என்று நினைத்தேன். தூக்கத்தோடு ஒரு மனிதர் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் சண்டை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார் என்பது டிரஸ்ஸரான எனக்கே உறைக்கவில்லை. ரகசியமாகச் சம்சு சாராயம் குடிக்கிறாரோ என்றுதான் சந்தேகப்பட்டேன். சத்து மாத்திரை கொடுத்தேன், சோற்றைக் குறைக்கச் சொன்னேன்.

வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. அதனால் அவருடைய குறட்டை வரிசை முழுக்கக் கேட்கும். இரண்டு வீடு தள்ளி இருந்த முனியாண்டி ஒரு நாள் என்னிடம் சொன்னான்:

"கொறட்டைக்கு நாங்க பழகிட்டோம் அய்யா. அது நின்னு போவுது பாருங்க, அப்பதான் எங்களுக்கு முழிப்பு வருது. மறுபடி மூச்சு இழுப்பாரான்னு படுத்துக்கிட்டே காத்திருப்போம். தண்ணிக்குள்ள இருந்து வந்த மாதிரி ஒண்ணு இழுப்பாரு. அப்புறம்தான் நாங்க தூங்குவோம்."

சிரித்துக்கொண்டே சொன்னான், நானும் சிரித்தேன். அவன் சொன்னதில்தான் நோய் இருந்தது.

நான் போய் மூன்றாவது வருஷம் அந்த விபத்து நடந்தது. மழை விட்ட காலை. இருபது பேரை ஏற்றிக்கொண்டு போன லோரி, ஓடைக்கு மேலே சடக்கு வளைகிற இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்க் கவிழ்ந்தது. பலருக்குக் கை கால் முறிந்தது. முனியாண்டியின் மனைவி செல்லம்மா அடியில் சிக்கிச் செத்துப்போனாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு மூன்று வயது, சின்னவனுக்கு ஒன்று.

போலீஸ் வந்தது. அவர் வாயை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். குடித்த வாசனை இல்லை, மிளகாய் வாசனைதான் இருந்தது. குடிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "தூங்கிட்டியா?" என்று கேட்டார்கள்.

"இல்ல சார். நாய் ஒண்ணு குறுக்கால வந்துச்சு. திருப்பினேன்."

வழுக்கும் சடக்கு, பழைய லோரி, குறுக்கே ஒரு நாய். வழக்கு அதோடு முடிந்தது. லோரியின் பின்தட்டில் இருந்தவர்கள் யாரும் முதலில் நாயைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பாக்கியம் என்கிற பால்வெட்டுப் பெண், "வால மட்டும் பாத்தேன்" என்றாள். இன்னொருத்தர் அது செவலை நாய் என்றார். ஒரு வாரத்தில் அந்த நாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுகூட எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அவரைப் பிடிக்கும், அதனால் பார்த்துவிட்டார்கள்.

முனியாண்டி அவர்மேல் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "நாய் வந்தா அவரு என்ன செய்வாரு?" என்பான். அவன் பிள்ளைகள் இரண்டும் லோரிக்காரர் வீட்டில்தான் பாதி நேரம் இருக்கும். 'லோரி மாமா' என்று கூப்பிடும். பள்ளிக்கூடம் போகும்போது முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்காரும்.

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று. அவருக்கு உடம்பு இன்னும் பெருத்தது. கால் வீங்கியது. காலையில் தலைவலி என்று தினமும் வந்து நிற்பார். ஒரு நாள் அவரை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை கிளம்பிவிட்டது. ஆஸ்திரேலியாவில் படித்துத் திரும்பியிருந்த ஓர் இளம் டாக்டர் அந்த வழியாகப் போனவர், குறட்டை நின்றதும் தானும் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் எதிரில் நின்றுகொண்டேயிருந்தார். மூச்சு திரும்பி வந்ததும் என்னைப் பார்த்து, "ஐம்பது நொடி" என்றார். "எத்தனை வருஷமா இப்படி?"

நான் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்தே என்றேன்.

தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகிற நோய் அது என்று டாக்டர் விளக்கினார். இரவில் நூறு தடவை மூச்சு நின்றால், நூறு தடவை உடம்பு திடுக்கிட்டு எழுந்துகொள்ளும்; படுத்திருப்பவருக்கு அது தெரியாது; அதனால்தான் பகல் முழுக்கத் தூக்கம். அதற்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது, ஓயாமல் காற்றைத் தள்ளி அடைப்பைத் திறந்து வைக்கும் என்றார். வெளிநாட்டிலிருந்து அவர் கொண்டு வந்தவை இரண்டே மெஷின்கள். ஒன்றை மூன்று மாதத்துக்குத் தருவதாகச் சொன்னார். அதுவரை லோரி ஓட்டக்கூடாது. பழகிக்கொண்டால் பிறகு பார்க்கலாம்.

தையல் மெஷின் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து வளையம் வளையமாக ஒரு நீளக் குழாய். குழாய் முனையில் மூக்கை மூடுகிற ஒரு மூடி, அதைத் தலையோடு இழுத்துக் கட்டப் பட்டைகள். போட்டால் மாவு மில் மாதிரி ஒரே இரைச்சல். ரப்பர் மாதிரி இருந்த அந்த மூடியை அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"நம்ம மரத்துப் பாலு இல்ல அய்யா. வாசனையே இல்ல."

மின்சாரம்தான் முதல் தொல்லை. லயத்தில் பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும், தோட்டத்து ஜெனரேட்டர் அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் மட்டும் அரசாங்கக் கம்பி வந்திருந்தது. நல்ல வேளையாக அவர் வீடு ஆஸ்பத்திரியை ஒட்டிய கடைசி வீடு. மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, வேலியோடு ஒரு வயரை இழுத்து அவர் ஜன்னலுக்குள் விட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பழகுவது லேசாக இல்லை. தூக்கத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார். காலையில் கேட்டால், "நான் கழட்டல, அதுவா கழண்டுருச்சு" என்பார். பட்டை தளர்ந்தால் காற்று கண்ணில் அடித்துக் கண் சிவந்துவிடும். இறுக்கினால் மூக்குத் தண்டு புண்ணாகும். நான் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். மூக்கு காய்ந்து இரத்தம் வந்தது. முதல் வாரத்திலேயே, "வேணாம் அய்யா, ரொம்ப சுசா லா, முடியல. மூச்சு விடத்தான் மெசினு, ஆனா மூச்சு முட்டுது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"முழிச்சிருக்கும்போது போட்டுப் பழகணுமாம் அண்ணே. டாக்டர் சொன்னாரு. மத்தியானத்துல போட்டுக்கிட்டு ரேடியோ கேளுங்க" என்றேன்.

அப்படியே செய்தோம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் உட்கார்த்தி மூடியைக் கட்டுவேன். ஜன்னல் நிறையப் பிள்ளைகள். "லோரி மாமாவுக்குத் தும்பிக்க!" என்று கத்துவார்கள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தால் பஞ்சரான டயர் மாதிரி வாய் வழியாகக் காற்று பீய்ச்சிக்கொண்டு வரும். பேச்சு வராது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் தோளும் குலுங்கும்.

தூக்கத்தில் வாய் திறக்காமல் இருக்கத் தாடையைத் துணியால் கட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளைத் துணி ஒன்றைக் கிழித்துத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அவுருங்க அய்யா! உசுரோட இருக்கற மனுசனுக்கு இப்படியா கட்டுவாங்க?"

"அக்கா, இது வைத்தியம்."

"என்ன வைத்தியமோ! பொணத்துக்குத்தான் வாய்க்கட்டு. என் கண்ணு முன்னால கட்டாதீங்க."

அன்றிலிருந்து அக்கா அடுப்படியில் பாய் போட்டுப் படுத்தார். லோரிக்காரர் தானே கண்ணாடியைப் பார்த்துத் தாடையைக் கட்டிக்கொள்ளப் பழகினார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். நடையே வேறாக இருந்தது.

"அய்யா, பசியாறிட்டீங்களா? நேத்து கழட்டவே இல்ல. விடிஞ்சுதான் எந்திரிச்சேன். தலவலி இல்ல. வெளிய வந்து பாக்குறேன், மரத்துல வெட்டுன கோடெல்லாம் தனித்தனியா தெரியுது. இத்தன நாளு எல்லாம் கொசுவலைக்குள்ள இருந்து பாத்த மாதிரி இருந்திருக்கு."

பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பதினோரு வருஷமாக அது அங்கேதான் இருந்தது. "இது எப்ப ஒட்டுனது?" என்று கேட்டார்.

வரிசையில் எல்லாருக்கும் சந்தோஷம். முனியாண்டி, "மெசின் சத்தம் மழ மாதிரி ஒரே சீரா கேக்குது அய்யா. நாங்களும் நல்லா தூங்குறோம்" என்றான். நான் டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். இன்னும் ஒரு மாதத்தில் லோரி ஓட்டலாம் என்று நினைத்தோம்.

பத்து நாள் இருக்கும். மத்தியானம் வந்தவர் ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தினார். உட்காரவில்லை.

"முழிச்சிருக்கறதுன்னா இப்படித்தான் இருக்குமா அய்யா?"

"ஏன் அண்ணே?"

"அந்த வளைவு வரைக்கும் நேத்து நடந்து போனேன். நின்னு நெனச்சுப் பாத்தேன். மிளகா கடிச்சது தெரியுது. அப்புறம் சத்தம்தான் தெரியுது. நடுவுல ஒண்ணும் இல்ல." சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "நாய் இல்ல அய்யா. நான் பாக்கல. போலீசு கேட்டப்ப என் வாயில வந்துச்சு. சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேன். அன்னைக்கு நான் முழிச்சிருக்கல. செல்லம்மாவ நான்தான் கொன்னுட்டேன்."

அது நோய், உங்கள் குற்றம் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். நாங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லையே, அது எங்கள் குற்றம் என்றும் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

"முனியாண்டி மொகத்தப் பாக்க முடியல. பிள்ளைங்க வந்து மடியில சாயுதுங்க. நான் என்ன அய்யா செய்ய?"

அவர் என்னைத்தான் கேட்டார். தோட்டத்தில் எல்லாரும் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். வயரை இழுத்து, மெஷினை ஓட வைத்து, ஒரு மனிதரை எழுப்பி உட்கார்த்தியிருந்த நேரம் அது. எல்லாம் எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.

"அவன்கிட்ட சொல்லிருங்க அண்ணே. நோய்னு அவனுக்கும் புரியும். சொன்னாத்தான் உங்க மனசு ஆறும்" என்றேன்.

அன்று சாயங்காலமே போனார். நான் வேலி ஓரத்தில் நின்றுகொண்டேன். முனியாண்டி குழாயடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவர் நின்றபடியே சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் கேட்டது. முனியாண்டி துணியைப் பிழிந்தான். திரும்பவும் பிழிந்தான்.

"நாய் வரலயா?"

"இல்லப்பா."

"ஒம்போது வருசமா அந்த நாயத்தானே அண்ணே திட்டிக்கிட்டு இருந்தேன்."

"எனக்கே இப்பதான் தெரியும், முனியாண்டி."

அவன் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. ஈர சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தான். அவர் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான்.

குழாயடிப் பேச்சு இருட்டுவதற்குள் வரிசை முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் யாரும் அவரோடு சேர்ந்து உட்காரவில்லை. ஊருக்கே கோபம் என்று சொல்ல முடியாது. அவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பாக்கியம் மட்டும் அவர் வாசலில் வந்து நின்று கத்தினாள்: "நான் வாலப் பாத்தேன்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்! நான் பாத்தத இல்லன்னு சொல்ல இவரு யாரு?" கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பேச்சு மேனேஜர் காதுக்குப் போயிற்று. லோரி இனிமேல் இல்லை, உர ஸ்டோருக்குக் காவல் இரு என்று சொல்லிவிட்டார். முனியாண்டி மாத முடிவில் சாமான்களைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு பீடோர் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பிள்ளைகள் லோரி மாமாவிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்கள்.

மெஷின் சத்தம் நின்றுபோனது. பழைய குறட்டை திரும்ப வந்தது. ஒரு காலையில் அவர் மனைவி என்னிடம் வந்தார். கையில் அந்த வெள்ளைத் துணி.

"நீங்க வந்து கட்டி விடுங்க அய்யா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பக்கத்துலயே படுத்துக்கிறேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."

போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது.

"அண்ணே, போடாம இருந்தா இருதயம் தாங்காது. செத்துப் போவீங்க."

"தெரியும் அய்யா. முழிப்புதான் தாங்கல." பெட்டியை என் பக்கம் தள்ளினார். "வேற யாருக்காச்சும் குடுங்க. ஒங்க மேல கொற ஒண்ணும் இல்ல."

திட்டினேன், கெஞ்சினேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் நான் போனபோது தூங்கியிருந்தார். எழுப்பினேன். "ஆமா அய்யா, தூங்கிட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மூடி மூக்குக்கு ஒத்துவரலையா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து மாதம் இருந்தார். ஒரு மத்தியானம் உர மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாடி பார்த்தவன் நான்தான். வழக்கம்போல் தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு மணி நேரம் அவரைத் தாண்டித் தாண்டி ஆட்கள் மூட்டை தூக்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பீடோர் பஸ் நிலையத்தில் முனியாண்டியைப் பார்த்தேன். கீரைக்கட்டுக் கூடையோடு நின்றான். அவனே கிட்டத்தில் வந்தான்.

"அய்யா, நல்லா இருக்கீங்களா? அண்ணன் எப்படி இருக்காரு?"

"தவறிட்டாருப்பா. மூணு மாசம் ஆச்சு."

கூடையைக் கீழே வைத்தான்.

"பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க, லோரி மாமா ஏன் வரலன்னு. நான் இன்னும் சொல்லல. அவரு மேல கோவப்படணும்னுதான் நெனைக்கிறேன் அய்யா. வரமாட்டேங்குது. மன்னிக்கவும் வரமாட்டேங்குது. செல்லம்மாவையும் முன்ன மாதிரி நெனைக்க முடியல." மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அவரு தானா வந்து சொல்ற ஆளு இல்ல. யாரோதான் சொல்லச் சொல்லியிருக்கணும். யாரு அய்யா அது?"

"தெரியலப்பா" என்றேன்.

என் பஸ் வந்தது. என் பையை அவனே தூக்கி உள்ளே வைத்தான். "பாத்துப் போங்க அய்யா" என்றான்.